சுரைக்குடுக்கை கேட்கும் கணக்கு

இசைக்கு எல்லை இல்லை என்று மேடைதோறும் முழங்குகின்றனர். மகிழ்ச்சி! ஆனால் எல்லையைக் கடந்தவர் விரும்பி வந்தவரா, விலங்கிட்டுக் கொணரப்பட்டவரா? இவ்வினாவை எழுப்பாத இசை ஒற்றுமை வெறும் இன்சொல்லே என்போம் நாம்.

பாஞ்சோ, அமெரிக்க வெள்ளையரின் நாட்டுப்புறச் சொத்து என்றே பலர் நெடுநாள் எண்ணியிருந்தனர். உண்மை வேறு. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக இழுத்துச் செல்லப்பட்டோரின் நினைவில் கடல் கடந்த கலை அது. காம்பியா, செனகல் பகுதிகளின் ஜோலா மக்கள் மீட்டும் அகோண்டிங்கைக் காண்போம்: தோல் போர்த்திய சுரைக்குடுக்கை, நீண்ட கழி, மூன்று தந்திகள், அவற்றுள் கட்டைவிரலுக்கென ஒரு குறுந்தந்தி. சுட்டுவிரல் நகம் கீழ்நோக்கித் தட்ட, கட்டைவிரல் குறுந்தந்தியை மீட்டும். அமெரிக்க மலைநாட்டாரின் பழைய பாஞ்சோ முறையும் இதுவே அன்றோ!

அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்த ஜெபர்சனே, இக்கருவி ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததென 1780களில் எழுதிவைத்தார். ஆயினும் 1840களில் வெள்ளையர் முகத்தில் கரி பூசி, கறுப்பரை எள்ளிய மேடைகளில் அதையே ஏந்தினர். கருவியைக் கொண்டனர், தந்தவனைக் கேலிப்பொருளாக்கினர்!

அமெரிக்கப் பாஞ்சோ கலைஞர் பேலா பிளெக், 2005இல் உகாண்டா, தான்சானியா, காம்பியா, மாலி நாடுகளுக்குச் சென்றார். அப்பயணம் 2008இல் ‘த்ரோ டவுன் யுவர் ஹார்ட்’ என்ற படமாயிற்று. கற்பிக்கச் செல்லாமல் கேட்கச் சென்றார். அதுவே படத்தின் பெருமை. தான்சானியாவின் பார்வையற்ற கலைஞர் அனானியா இங்கோலிகாவோடும், மாலியின் பாடகி ஊமு சங்காரேயோடும் இணைகையில் அவர் பாஞ்சோ அடக்கம் கற்கிறது.

குறையும் உண்டு. படத்தின் பெயர், தான்சானியக் கடற்கரையின் பாகமோயோ என்னும் ஊர்ப்பெயருக்குச் சொல்லப்படும் பொருளிலிருந்து பிறந்தது. கடலைக் கண்ட அடிமைகள் நெஞ்சை இறக்கிவைத்த துறையாம். உருக்கமான பெயர்! ஆனால் அத்துறையிலிருந்து அடிமைகள் பெரும்பாலும் சான்சிபாருக்கே சென்றனர். பாஞ்சோவின் முன்னோர் கடந்ததோ மேற்கே அட்லாண்டிக் கடல். இரு துயரங்களை ஒன்றாக்கினால் இரண்டின் வரலாறும் மங்கும். மேலும், ஒரு கண்டமே பாடிய அவ்விசைத்தட்டு பிளெக்கின் பெயரில் வெளிவந்து, 2010இல் கிராமி விருதும் பெற்றது. பல குரல், ஒரே முகப்பெயர்!

அதே 2005இல் வட கரோலினாவின் பூன் நகரில், கறுப்பர் பாஞ்சோ மரபைப் போற்றக் கலைஞர் கூடினர். அங்குச் சந்தித்த இளைஞர்கள் ‘கரோலினா சாக்கலேட் டிராப்ஸ்’ குழுவாகிப் பாட்டன் கருவியைத் தம் கையில் ஏந்தினர். 2011இல் அவர்களுக்கும் கிராமி கிடைத்தது.

கூடி வாசிப்போம் என்பது நட்பு. யாருடையது என்று கூறிவிட்டுக் கூடி வாசிப்பதே நேர்மை. நட்பு இனிது, நேர்மையோடு கூடிய நட்பே நிலைக்கும்.