ஃபோக்கஸ் சரியில்லை என்று சொல்வதற்கு முன்

போன மாதம் எங்கள் ஊர்ப் புகைப்பட ஆர்வலர்கள் கூடும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரு கல்லூரிப் பையன் வயதான அம்மா ஒருத்தரின் முகத்தைப் படமெடுத்து, பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தான். அன்றைக்குக் கருத்துச் சொல்வது என் முறை. "கண்ணு ஷார்ப்பா இல்ல, ஃபோக்கஸ் காதுல போய் உக்காந்திருக்கு, பின்னாடி டியூப்லைட் உறுத்துது" என்று அடுக்கினேன். "சரிண்ணா" என்று சொல்லிப் படத்தைக் கவருக்குள் போட்டுக்கொண்டான். இந்த மாதம் அவன் வரவில்லை.

அந்த உறுத்தலில்தான் ஜூலியா மார்கரெட் கேமரன் பற்றி மறுபடி படிக்க ஆரம்பித்தேன். 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். இங்கிலாந்தின் வைட் தீவில் குடியிருந்தபோது, 1863 டிசம்பரில், மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 48. நிலக்கரி போட்டு வைக்கும் இடத்தை இருட்டறையாகவும் கோழிக் கொட்டகையை ஸ்டூடியோவாகவும் மாற்றிக்கொண்டு முகங்களாக எடுத்துத் தள்ளினார்.

லண்டன் புகைப்படப் பத்திரிகைகள் அவரை விட்டுவைக்கவில்லை. படம் கலங்கலாக இருக்கிறது, தட்டில் கீறலும் கறையும் தெரிகிறது, சுத்தமில்லை என்றார்கள். இன்று அதே படங்களை அருங்காட்சியகங்கள் போற்றி வைத்திருக்கின்றன. அதனால் 'விமர்சகர்கள் முட்டாள்கள், கலைஞர் ஜெயித்தார்' என்று கதையை முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அது ஒப்பவில்லை. அவர்கள் சொன்ன குறைகளில் இரண்டு வேறு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன.

ஒன்று ஃபோக்கஸ். அது ஈரக் கொலோடியன் காலம். கண்ணாடித் தட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவ வேண்டும். நிமிடக்கணக்கில் ஆடாமல் உட்கார வேண்டும்; மூச்சு கொஞ்சம் பலமாக விட்டாலே போச்சு. தன் முதல் வெற்றிகள் கலங்கலாக அமைந்தது தற்செயல்தான் என்று கேமரனே பிற்பாடு எழுதிய நினைவுக்குறிப்பில் ஒத்துக்கொள்கிறார். லென்ஸைத் திருகிக்கொண்டே வரும்போது கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திவிடுவாராம். மற்றவர்கள்போல இன்னும் கூர்மை வரட்டும் என்று தொடர்வதில்லை. தானாக வந்ததைப் பார்த்து, பிடித்துப்போய், வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அதைத் தப்பு என்று எப்படிச் சொல்வது? எது சரியான ஃபோக்கஸ் என்று தீர்மானிக்க யாருக்கு உரிமை இருக்கிறது என்று வானியலாளர் ஜான் ஹெர்ஷலுக்கு 1864-இல் எழுதிய கடிதத்தில் அவர் கேட்டதும் இதைத்தான்.

இன்னொன்று கறையும் கீறலும். இதில் விமர்சகர்கள் பக்கம் பாதி நியாயம் உண்டு. பின்னாளில் நெகட்டிவ்கள் வலை வலையாக வெடிக்க ஆரம்பித்தபோது, அதையும் 'என் பாணி' என்று கேமரன் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. எந்தப் புகைப்படச் சங்கத்தின் பத்திரிகை தன்னைக் குறை சொன்னதோ, அந்தச் சங்கத்திடமே கொண்டுபோய் இது ஏன் இப்படி ஆகுது என்று கேட்டார். அவர் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. ஃபோக்கஸ் விஷயத்தில் கடைசிவரை இறங்கி வரவில்லை, வார்னிஷ் பற்றிச் சந்தேகம் கேட்க வெட்கப்படவும் இல்லை. (நம்மாட்கள் பெரும்பாலும் தலைகீழ். யார் எதைச் சொன்னாலும் ஃபோக்கஸை மாத்திடுவோம், டெக்னிக்கல் தப்பைச் சுட்டிக்காட்டினா மட்டும் கோபம் வரும்.)

அதற்காக அவரை அப்படியே தலையில் தூக்கி வைக்கவும் மனசு வரவில்லை. 1875-இல் கணவரின் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குப் போனார். 1879-இல் அங்கேயே இறந்தார். அங்கே எடுத்தவற்றில் இன்று மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். அதில் களுத்துறைக் குடியானவர்கள் என்று பொதுவாகத் தலைப்பிட்ட ஒரு படம் உண்டு. இங்கிலாந்தில் எடுத்த படங்களில் டென்னிசன், டார்வின், ஹெர்ஷல் எல்லாம் பெயரோடு இருக்கிறார்கள். மாதா வேஷத்தில் திரும்பத் திரும்ப வரும் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரின் பெயர்கூட நமக்குத் தெரியும். களுத்துறையில் நிற்பவர்களுக்குத் தலைப்பில் பெயர் இல்லை. அவர் எதிரில் உட்கார்ந்து கருத்துச் சொல்லும் வாய்ப்புக் கிடைத்தால், கலங்கலைப் பற்றி வாயே திறக்க மாட்டேன். இவங்கல்லாம் யாரும்மா என்றுதான் கேட்பேன்.

அந்தப் பையனிடம் நானும் அதைக் கேட்கவில்லை. போன வாரம் போன் போட்டேன். "எங்க பெரியம்மாண்ணா. அவங்க தோட்டை நாலு வருஷம் கழிச்சு அடகுலேர்ந்து மீட்டோம், அன்னிக்கு எடுத்தது. ஃபோக்கஸ் காதுல வேணும்னுதான் வச்சேன்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "டியூப்லைட்டு நீங்க சொன்னது சரிதாண்ணா, நான் கவனிக்கல" என்றான்.