அவசரப்படும் நீர்மூழ்கிகள்

நீர்மூழ்கிக் கப்பல் படங்களில் குற்றம் கண்டுபிடிப்பவர்கள் பெரும்பாலும் இயந்திரங்களைத்தான் பார்க்கிறார்கள். ஓசையே எழுப்பாத உந்துமுறை சாத்தியமா, துரத்தி வரும் டார்பிடோவை இப்படி ஏமாற்ற முடியுமா, உள்ளே இவ்வளவு இடம் இருக்குமா என்று கேட்பதோடு விமர்சனம் முடிந்துவிடுகிறது. இவையெல்லாம் சில்லறைப் பிழைகள். படங்கள் சறுக்குவது அணு ஆயுத உத்தியில். நிலத்திலுள்ள ஏவுதளம் எங்கே இருக்கிறதென்று எதிரிக்குத் தெரியும். அடி விழுமுன் ஏவிவிட வேண்டும் என்ற பதற்றம் அதற்கு இயல்பு. கண்டம் தாண்டி வரும் ஏவுகணைக்கு ஏறத்தாழ 30 நிமிடம் போதும். அந்தப் பதற்றத்திலிருந்து விடுபடத்தான் 1960இல் அமெரிக்க நீர்மூழ்கி ‘ஜார்ஜ் வாஷிங்டன்’ 16 போலாரிஸ் ஏவுகணைகளோடு கடலுக்குள் போனது. தலைநகரமே அழிந்தாலும் நாளைக்கோ அடுத்த வாரமோ பதிலடி கொடுக்கலாம் என்பதே இந்தக் கப்பல்களின் தகுதி. திரைக்கதைகளோ இவற்றின் தலையில் கெடிகாரத்தைக் கட்டிவிடுகின்றன.

டோனி ஸ்காட்டின் ‘கிரிம்சன் டைட்’ (1995) நல்ல உதாரணம். ரஷ்யக் கிளர்ச்சியாளர்கள் ஒரு ஏவுதளத்தைப் பிடித்துவிடுகிறார்கள். அவர்கள் ஏவுமுன் முந்திக்கொண்டு தாக்கும்படி அமெரிக்க நீர்மூழ்கி ‘அலபாமா’வுக்கு உத்தரவு வருகிறது. அடுத்த செய்தி வந்துகொண்டிருக்கும்போதே எதிரித் தாக்குதலில் தொடர்பு அறுந்துபோகிறது. முழுமையாகக் கையில் இருக்கும் உத்தரவை நிறைவேற்றியே ஆகவேண்டும் என்கிறார் கேப்டன் ராம்சே (ஜீன் ஹாக்மேன்). மீதிச் செய்தி தெரியும்வரை காத்திருப்போம் என்கிறார் துணைத் தளபதி ஹண்டர் (டென்சல் வாஷிங்டன்). பாதிச் செய்தி என்பது கட்டுக்கதை அல்ல. மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகள் கடல்நீருக்குள் சில பத்து மீட்டர் ஆழம்தான் இறங்கும்; அவற்றில் நீளமான செய்தி அனுப்ப முடியாது. இந்தியக் கடற்படை இந்த அலைகளில் செய்தி அனுப்பவென்றே 1990இல் திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில் ‘ஐ.என்.எஸ். கட்டபொம்மன்’ நிலையத்தைத் திறந்தது. ஆனால் ஹண்டர் சண்டையின் நடுவே ஒரு கேள்வி கேட்கிறார்: நாம் ஏவாவிட்டால் மேலிடம் வேறொரு கப்பலிடம் சொல்லும், அதற்காகத்தானே பல கப்பல்கள் வைத்திருக்கிறோம்? அமெரிக்காவிடம் அப்போது பத்துக்கும் மேற்பட்ட ஒஹையோ வகைக் கப்பல்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் 24 ஏவுகணைகள். இந்தக் கேள்விக்குக் கேப்டனிடமும் பதிலில்லை, படத்திடமும் இல்லை. பதில் சொன்னால் படம் அங்கேயே முடிந்துவிடும் என்பதால் துப்பாக்கியை எடுத்துவிடுகிறார்கள்.

அதே படம் இன்னொரு விஷயத்தில் பலர் நினைப்பதைவிட நேர்மையானது. வெளியிலிருந்து வரும் சங்கேத எண் இல்லாமல் ஏவ முடியாது என்ற பூட்டு அன்று அமெரிக்க நீர்மூழ்கிகளில் இல்லை. தனி ஒருவரால் முடியாதுதான். ஆனால் தேவையான சிலர் சேர்ந்துவிட்டால் தடுக்க இயந்திரம் எதுவும் கிடையாது. அந்தப் பூட்டு 1990களின் பிற்பகுதியில்தான் வந்தது. கலகக் கதைக்கு ஒத்துழைக்கமாட்டோம் என்று கடற்படை கைவிரித்ததில் வியப்பில்லை.

அந்தோனன் போத்ரியின் பிரெஞ்சுப் படமான ‘லெ ஷான் து லூ’ (2019) ஒலியைக் கையாளும் விதத்தில் அபாரம், உத்தியில் படுமோசம். பயங்கரவாதிகள் கைக்குப் போன ஒரு நீர்மூழ்கியிலிருந்து பிரான்சை நோக்கி ஒரே ஒரு ஏவுகணை கிளம்புகிறது. அது விழுவதற்குள் குடியரசுத் தலைவர் அணுத்தாக்குதலுக்கு ஆணையிட்டுவிடுகிறார். பிறகுதான் அதில் வெடிமுனையே இல்லை என்று தெரிகிறது. ஆணையைத் திரும்பப் பெற வழியில்லை. அது நிறைவேறாமல் தடுக்கச் சொந்தக் கப்பலையே மூழ்கடிக்கப் போகிறார்கள். பிரான்சு தன் தரைவழி ஏவுகணைகளை 1996இல் ஆல்பியோன் பீடபூமியிலிருந்து அகற்றிவிட்டது. ‘இப்போதே பயன்படுத்தாவிட்டால் இழந்துவிடுவோம்’ என்று அஞ்சுவதற்கு அங்கே ஏவுதளமே இல்லை. சில நிமிடம் பொறுத்து, விழுந்தது என்ன என்று பார்த்திருந்தால் பிரான்சின் பதிலடி வலிமையில் இம்மியும் குறைந்திருக்காது.

அவசரம் முழுக்கக் கற்பனையா என்று கேட்கலாம். இல்லை. கரையோரம் ஒளிந்துவரும் கப்பல் சில நிமிடங்களில் தலைமையையே அழித்துவிடும் என்ற பயம் பனிப்போர்க் காலத்தில் உண்மையாகவே இருந்தது. ‘தி ஹன்ட் ஃபார் ரெட் அக்டோபர்’ (1990) அந்தப் பயத்தின்மேல்தான் நிற்கிறது. ஆனால் அதன் கதாநாயகக் கப்பலான டைஃபூன் வகையின் ஏவுகணைகள் 8,000 கிலோமீட்டருக்கு மேல் பாயக்கூடியவை. சொந்தக் கடலில், ஆர்க்டிக் பனிக்கடியில் பதுங்கியிருந்தே அமெரிக்காவை எட்டக்கூடிய கப்பலுக்கு அந்நியக் கரையை ஒட்டிப் போகவேண்டிய தேவை என்ன?

படம் பார்க்க வருபவன் போர்க்கலைப் பாடம் கேட்க வரவில்லை, விறுவிறுப்பு வேண்டாமா என்பது அடுத்த ஆட்சேபம். வேண்டும்தான், அதை வரலாறே தாராளமாகத் தருகிறது. 1962 அக்டோபர் 27 அன்று கியூபா அருகே பி-59 என்ற சோவியத் டீசல் நீர்மூழ்கியை அமெரிக்கக் கப்பல்கள் சூழ்ந்துகொண்டு, மேலே வரச்சொல்லிப் பயிற்சிக் குண்டுகளைப் போட்டன. அதில் ஓர் அணு டார்பிடோ இருந்தது அவர்களுக்குத் தெரியாது. மின்கலம் தீர்ந்துகொண்டிருந்தது, மாஸ்கோவோடு தொடர்பில்லை, உள்ளே வெக்கையும் கரியமில வாயுவும் தாங்க முடியவில்லை. கப்பலில் இருந்த வதீம் ஓர்லோவின் நினைவுக் குறிப்பின்படி, கேப்டன் சவீத்ஸ்கி ஆத்திரத்தில் அந்த டார்பிடோவைத் தயார்செய்யச் சொன்னார். உடனிருந்த அதிகாரி வசீலி அர்கீபவ் உள்ளிட்டோர் அவரைத் தணித்தார்கள். அந்த விவரத்தை மறுக்கும் மாலுமிகளும் உண்டு. இங்கே கெடிகாரமும் இல்லை, பேரழிவு ஏவுகணையும் இல்லை. களைத்துப்போன மனிதர்களின் கையில் பூட்டில்லாத சிறிய அணு ஆயுதம் இருந்தது, அவ்வளவுதான்.

உலகம் இந்தக் கதையை விரிவாகக் கேட்டது 2002இல்தான். அதற்கு 37 ஆண்டுகள் முன்பே ‘தி பெட்ஃபோர்டு இன்சிடென்ட்’ (1965) கிட்டத்தட்ட இதையே காட்டிவிட்டது. கிரீன்லாந்து அருகே ஒரு சோவியத் நீர்மூழ்கியைக் காற்றுக்குக்கூட மேலே வரவிடாமல் துரத்துகிறார் அமெரிக்கக் கேப்டன். அவர் பேச்சுவாக்கில் சொன்ன சொற்களைத் தூக்கமில்லாத இளம் அதிகாரி கட்டளையாக எடுத்துக்கொண்டு ஏவிவிடுகிறான். நீர்மூழ்கியிலிருந்து அணு டார்பிடோக்கள் பதிலாக வருகின்றன. மேலிடத்து உத்தரவு ஏதும் இல்லாமலே எல்லாம் முடிந்துவிடுகிறது. பெரிய நட்சத்திரப் படங்களை எல்லாரும் பார்த்திருப்பார்கள். உத்தி அறிந்து எடுக்கப்பட்ட ஒன்று வேண்டுமென்றால், இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைத் தேடிப் பாருங்கள்.