அருஞ்சொல்லும் அன்றாட வழக்கும்

வழக்கருகிய சொற்களைத் தேடிக் கற்று அன்றாடப் பேச்சில் ஆளும் முயற்சி தமிழுக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளி மாணவர்கள் நிகண்டுகளை, அதாவது ஒரு பொருளுக்குரிய பல சொற்களையும் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களையும் செய்யுளில் தொகுத்துரைக்கும் நூல்களை, மனப்பாடம் செய்தே சொல்வளம் பெற்றனர். ஆயினும் இவ்விரு வகைச் சொற்களையும் 'திரிசொல்' எனக் குறித்த தொல்காப்பியம், அவற்றைச் செய்யுளுக்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாகவே வைத்தது. சந்தையில் நின்று அவற்றைப் பேசுமாறு அது யாரையும் பணிக்கவில்லை.

தமிழைப் போலவே கன்னடத்திலும் அருஞ்சொற்களைக் கற்கும் முயற்சி உண்டு; பெங்களூரில் அதற்கு நல்ல சான்றாக விளங்கியவர், கன்னட சாகித்திய பரிஷத்தின் எட்டுத் தொகுதி அகராதிப் பணியை முன்னின்று நடத்திய ஜி. வெங்கடசுப்பையா (1913–2021) ஆவார். கடினச் சொற்களுக்கென்றே 'கிலிஷ்டபத கோச' என்னும் அகராதியைத் தொகுத்த அவர், 'பிரஜாவாணி' நாளிதழில் 1991இல் தொடங்கிய 'இகோ கன்னட' (இதோ கன்னடம்) பகுதியில் சொற்களைப் பற்றிய வாசகர் வினாக்களுக்கு விடையளித்து வந்தார். இங்குச் சொல் வலிந்து ஊட்டப்படவில்லை. ஐயத்தோடு வந்தவனுக்கு, அந்த ஐயம் தீரும் இடத்தில், வேரும் வரலாறுமாகக் கிடைத்தது. எனினும் விளங்கிக்கொண்ட சொல்லெல்லாம் நாவில் ஏறிவிடும் என்பதற்கில்லை.

நாவில் ஏறுவதற்கு வேறொன்று வேண்டும் என்பதை மறைமலையடிகள் 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் வரலாறு காட்டுகிறது. 'அபேட்சகர்' போய் 'வேட்பாளர்' வந்தது. இரண்டுமே 'விரும்புபவர்' என்னும் பொருளுடையவை, 'வேள்' என்னும் வேரை அறிந்து வாக்களிப்போரும் மிகச் சிலரே. ஆகவே பொருள் தெளிவு அன்று, மேடையும் செய்தித்தாளும் ஓயாமல் சொன்னதே அச்சொல்லை நிலைநிறுத்தியது எனலாம். 'குளம்பி'க்கோ அப்படி ஒரு துணை வாய்க்கவில்லை. எல்லார்க்கும் இனிதே விளங்கிய 'காப்பி'யின் இடத்தைக் கேட்டு வந்த அது, உணவகத்தில் புன்னகையை மட்டும் வரவழைத்தது. தனியொருவர் அருஞ்சொல் பழகுவதில் உள்ள குறையும் இதுவே: கேட்பவரின் கவனம் செய்தியை விட்டுச் சொல்லின்மேல் தாவுகிறது, சில வேளைகளில் தம் அறியாமையைச் சுட்டியதாக அவர் வருந்தவும் நேர்கிறது.

அருமை என்பது சொல்லின் இயல்பா, கேட்பவரைப் பொறுத்ததா என்னும் வினாவுக்குப் பெங்களூரே விடை வைத்திருக்கிறது. கன்னடர் வீட்டை 'மனெ' என்றும் கதவைப் 'பாகிலு' என்றும் கடையை 'அங்கடி' என்றும் நாள்தோறும் வழங்குகின்றனர். 'மனை', 'வாயில்', 'அங்காடி' ஆகிய இவற்றின் இனச்சொற்களோ தமிழ்ப் பேச்சில் பொருள் சுருங்கியோ ஏட்டளவில் ஒதுங்கியோ நிற்கின்றன. புகார் நகரத்து நாளங்காடியைச் சிலப்பதிகாரத்தில் படிக்கும் சென்னை மாணவனுக்கு உரையாசிரியரின் துணை வேண்டும். பெங்களூரின் அல்சூரில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளையோ அச்சொல்லின் பாதியைத் தெருமுனைக் கடையிலேயே கேட்டிருக்கும்.