இருமலை அடக்குவதா, மூச்சை எண்ணுவதா?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மாலை நேரத்தில் ஏதேனும் ஒரு மருந்துக் கடையின் முன் பத்து நிமிடம் நின்று பாருங்கள். இடுப்பில் குழந்தையுடன் ஒரு தாய் வருவார். “அண்ணே, பாப்பாவுக்குச் சளி புடிச்சிருக்கு. ராத்திரியெல்லாம் இருமுது. நல்ல டானிக்கா ஒண்ணு குடுங்க” என்பார். கடைக்காரர் வயதைக் கேட்பார். சில வேளை அதையும் கேட்பதில்லை. அலமாரியிலிருந்து ஒரு புட்டி இறங்கும். “காலையிலே அரை மூடி, ராத்திரி அரை மூடிங்கம்மா.” அவ்வளவுதான், வைத்தியம் முடிந்தது!

நூல்களையும் திரைப்படங்களையும் விமர்சிக்கிறோம். நம் குழந்தையின் வாய்க்குள் போகும் இந்தப் புட்டியை என்றைக்காவது விமர்சித்துப் பார்த்ததுண்டா? இம்முறை அதைச் செய்வோம்.

புட்டிக்குள் ஒரு சண்டை

புட்டியின் மேல் ஒட்டியுள்ள சீட்டைப் படியுங்கள். எழுத்து பொடியாக இருக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கும். அதில் பல மருந்துகளின் பெயர்களைக் காணலாம். குளோர்ஃபெனிரமின் மூக்கு ஒழுகுவதை உலர்த்துவது, தூக்கத்தையும் வரவழைக்கும். ஃபினைல்எஃப்ரின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி மூக்கடைப்பை நீக்கும் என்று சேர்க்கப்படுவது. டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் மூளையின் அடிப்பகுதியிலுள்ள இருமல் மையத்தை மந்தப்படுத்துவது. குவைஃபெனசின், அம்ப்ராக்சால் போன்றவை கோழையை இளக்கி வெளியே கொண்டுவருவதற்கானவை. ஒரு புட்டியில் இவற்றுள் இரண்டு மூன்று சேர்ந்திருப்பது வழக்கம்.

இப்போது சற்றுச் சிந்தியுங்கள். கோழையை இளக்கும் மருந்தும் இருமலை அடக்கும் மருந்தும் ஒரே கரண்டியில் கலந்திருந்தால் என்ன பொருள்? இளகிய கோழை எந்த வழியாக வெளியேறும்? வாசலைப் பெருக்கச் சொல்லிவிட்டுத் துடைப்பத்தை ஒளித்து வைப்பது போன்றதல்லவா இது?

இருமல் ஒரு நோயன்று. மூச்சுக்குழலின் உட்சுவரில் கோழையோ தூசியோ படும்போது, உடல் தன்னிச்சையாகக் காற்றை வேகமாக வெளியேற்றி அதைத் தள்ளுகிறது. குழந்தையின் மூச்சுக்குழல் மிகக் குறுகியது. அதற்கு இந்தக் காவலாளி பெரியவர்களைக் காட்டிலும் அதிகமாகவே தேவை.

“கேட்கிறதே!” என்னும் வாதம்

“டானிக் கொடுத்தால் கேட்கிறதே! குழந்தை நிம்மதியாகத் தூங்குகிறதே!” என்று தாய்மார்கள் கூறுவர். நியாயமான கேள்விதான். சாதாரணச் சளி பல வகை வைரஸ்களால் வருவது. மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாட்களில் தானே தணியும். இருமல் மட்டும் சற்றுக் கூடுதலாக நீடிக்கலாம். நான்காம் நாள் டானிக் வாங்கி எட்டாம் நாள் குணமானால் பெருமை புட்டிக்குப் போய்விடுகிறது.

தூக்கமோ, குளோர்ஃபெனிரமின் தரும் மயக்கமே. இது சிறிய விஷயமன்று. குழந்தை சோர்ந்து கிடப்பது ஆபத்தின் அறிகுறிகளுள் ஒன்று. மருந்தே சோர்வைத் தந்தால், நோய் முற்றியதை யார் கண்டறிவது?

உலக சுகாதார நிறுவனம் 2001இல் இம்மருந்துகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. சிறு குழந்தைகளுக்கு இவை பயன் தருகின்றன என்பதற்கு அதில் வலுவான சான்று கிடைக்கவில்லை. 2008இல் அமெரிக்கா இரண்டு வயதுக்குட்பட்டோருக்கும், 2009இல் பிரிட்டன் ஆறு வயதுக்குட்பட்டோருக்கும், கடையில் தாமே வாங்கும் இருமல், சளி மருந்துகளைத் தரக்கூடாதென அறிவுறுத்தின. வாய்வழி உண்ணும் ஃபினைல்எஃப்ரின் மூக்கடைப்பை நீக்குவதே இல்லை என 2023இல் அமெரிக்க மருந்துத் துறையின் வல்லுநர் குழு ஒருமனதாகக் கூறிவிட்டது. நம் நாட்டிலும் அதே ஆண்டு டிசம்பரில் குளோர்ஃபெனிரமின், ஃபினைல்எஃப்ரின் கலவையை நான்கு வயதுக்குட்பட்டோருக்குத் தரலாகாது என்ற எச்சரிக்கையைச் சீட்டில் அச்சிட ஆணை பிறந்தது. சீட்டில் அச்சானது எத்தனை தாய்மார்களின் கண்ணில் பட்டது?

இனிப்பில் ஒளிந்த நஞ்சு

பயனில்லை என்பதோடு நின்றிருந்தால் காசு நட்டம் என்று விட்டுவிடலாம். திரவ மருந்தைக் கரைக்கக் கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால் போன்ற பொருள்களைச் சேர்ப்பார்கள். அவற்றின் இடத்திலோ அவற்றோடு கலந்தோ டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் தொழிற்சாலைக் கரைப்பான் நுழைந்துவிடுவதுண்டு. இதுவும் இனிக்கும், ஆனால் சிறுநீரகத்தை அழிக்கும். 1937இல் அமெரிக்காவில் ஒரு திரவ மருந்தில் இது இருந்ததால் 100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2022இல் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் 60க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். இந்தியாவில் தயாரான நான்கு திரவ மருந்துகள் குறித்து உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது.

2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் மீண்டும் அதே துயரம். 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் உயிரிழந்தனர். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 விழுக்காடுதான்! தயாரித்தவர்கள் மீதும் சோதிக்கத் தவறியவர்கள் மீதும் சட்டம் பாயட்டும். ஆனால் இன்னொரு கேள்வியும் எஞ்சி நிற்கிறது. அந்தக் குழந்தைகளுக்கு அந்த மருந்து தேவைதானா?

பாட்டி வைத்தியமும் தப்பாது

டானிக்கைக் குறை கூறுவதால் வீட்டு வைத்தியம் அனைத்தையும் மெச்சுகிறோம் என்று எண்ண வேண்டாம். ஒரு வயது கடந்த குழந்தைக்கு உறங்குமுன் அரைக் கரண்டித் தேன் தரலாம். அது இரவு இருமலை ஓரளவு தணிப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு வயதுக்குட்பட்டோருக்குத் தேனே கூடாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கலாம். மூக்கில் எண்ணெய் விடுவது நுரையீரலுக்குள் இறங்கிக் கேடு செய்யும். கற்பூரம் உடலுக்குள் போனால் வலிப்பு வரும். சாம்பிராணிப் புகை ஏற்கெனவே புண்பட்ட மூச்சுப் பாதையை மேலும் உறுத்தும். கொதிக்கும் சட்டியில் ஆவி பிடிக்கப் போய் வெந்துபோகும் குழந்தைகளும் உண்டு.

செய்ய வேண்டியவை எளியவை: அடிக்கடி தாய்ப்பால், வெதுவெதுப்பான நீர், மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து. கோழை பச்சை நிறமாக இருப்பதாலேயே ஆன்ட்டிபயாடிக் தேவையென்று கருதக்கூடாது. வைரஸ்களிடம் அது செல்லாது.

எண்ண வேண்டியது எது?

சளி பிடித்த நூறு குழந்தைகளுள் யாருக்கு நிமோனியா என்று எப்படி அறிவது? பாப்புவா நியூகினியில் பணியாற்றிய மருத்துவர் ஃபிராங்க் ஷானும் அவருடைய குழுவினரும் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழிகாட்டிய ஆய்வுகளுள் ஒன்று. இருமலின் ஓசை முக்கியமன்று. மூச்சின் வேகமே முக்கியம். இன்று உலகெங்கும் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் கையாளும் முறை இதுதான்.

குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்தி, முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 முதல் 12 மாதம் வரை 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். மூச்சை இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலும், பால் குடிக்க முடியாவிட்டாலும், குடித்ததெல்லாம் வாந்தியானாலும், வலிப்பு வந்தாலும், எழுப்ப முடியாதபடி சோர்ந்தாலும் மருத்துவமனைதான். எண்ணிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம். பிறந்து இரண்டு மாதமாகாத குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலும் அப்படியே. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் காசநோயா, ஆஸ்துமாவா என்று பார்க்க வேண்டும்.

நமது தீர்ப்பு இதுதான். இந்தப் புட்டி தான் சொல்வதைச் செய்வதில்லை. சொல்ல வேண்டியதையோ சொல்வதே இல்லை. மேலே கண்ட மூன்று எண்களையும் ஒவ்வொரு மருந்துக் கடையின் வாசலிலும் பெரிய தமிழ் எழுத்தில் எழுதி வைத்தால் என்ன? டானிக் கேட்டு வரும் தாய் அதைப் படித்து, குழந்தையின் சட்டையை உயர்த்தி ஒரு நிமிடம் எண்ணுவாரானால், அந்த ஒரு நிமிடம் எந்தப் புட்டியைவிடவும் மேலான மருந்தாகும். அதற்கு விலையும் இல்லை.