திறக்க அரசு, மூட யார்?

மலேசியாவில், ஜாசினிலோ மெர்லிமாவிலோ மோட்டார் சைக்கிள் சறுக்கி ஒருவருக்குத் தலையில் பலத்த அடி. மூளை வீங்கினால் மண்டையோட்டின் ஒரு துண்டை வெட்டியெடுத்து வீக்கத்துக்கு இடம் விடுகிறார்கள். உயிரைக் காக்கும் இந்த அறுவைக்கு அரசு மருத்துவமனையில் குடிமக்கள் கட்டுவது சொற்பம். மூன்றாம் வகுப்பு வார்டுக்கு நாளுக்கு 3 ரிங்கிட்தான். சில மாதங்கள் கழித்து, எலும்பு எடுத்த இடத்தில் விழுந்த பள்ளத்தை மூட வேண்டும். செயற்கைத் தகடு தேவைப்பட்டால் அதைப் பெரும்பாலும் குடும்பமே வாங்கித் தர வேண்டியிருக்கிறது. தோட்டப்புறக் குடும்பங்கள் தடுமாறுவது இந்த இடத்தில்.

இந்த ஏற்பாட்டில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நிபுணரின் உழைப்பு, அறுவைக்கூடம், தீவிர சிகிச்சை என்று பெருஞ்செலவை அரசே ஏற்கிறது. எடுத்த எலும்பை உறைகுளிர்ப் பெட்டியிலோ நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியிலோ காத்து வைத்துத் திரும்பப் பொருத்தினால் தகட்டுச் செலவே கிடையாது. பெரியவர்களுக்கு முதலில் யோசிக்க வேண்டியது அதைத்தான். ஆனால் எலும்பு நொறுங்கியிருந்தாலோ கிருமி தொற்றியிருந்தாலோ அது உதவாது. பொருத்திய பிறகு கரைந்துபோவதும் உண்டு, குறிப்பாகப் பிள்ளைகளுக்கு.

அப்போது கைக்கு வருவது விலைப்பட்டியல். விலை கூடியது நல்லது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. இந்த விஷயத்தில் அது பாதிதான் சரி. எலும்புச் சிமெண்ட் எனப்படும் அக்ரிலிக் மலிவு. அறுவையின்போதே கையால் வடிக்கலாம். ஆனால் இறுகும்போது சுடும், பலமாக அடிபட்டால் உடையும். திரும்பவும் மோட்டாரில்தான் வேலைக்குப் போகப்போகிறவருக்கு இது சின்ன விஷயமல்ல. டைட்டானிய வலை உறுதியானது, சிறிய பள்ளத்துக்குப் போதுமானது. மெலிந்த தோலைக் காலப்போக்கில் அரித்து வெளியே தெரிவது அதன் குறை. ஸ்கேன் பார்த்து அளவெடுத்துச் செய்யும், பீக் எனப்படும் உறுதியான பிளாஸ்டிக் தகடு இலேசானது, நெற்றி போன்ற பெரிய இடத்தில் அழகாகப் பொருந்தும், விலையோ பல மடங்கு. அதுவும் எலும்போடு ஒட்டி வளராது; தொற்று வந்தால் அதையும் கழற்றத்தான் வேண்டும். காதுக்கு மேலே முடி மறைக்கிற சிறு பள்ளத்துக்கு அதை வாங்கக் கடன்படுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

செம்பனைக் குலை விழுந்து அடிபட்டாலும், வேலைக்குப் போகும் வழியில் விபத்து நேர்ந்தாலும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் பாதுகாப்பு உண்டு. ஆனால் முதலாளி சந்தா கட்டியிருக்க வேண்டும், விபத்தைத் தெரிவிக்க வேண்டும். குத்தகையாளரிடம் நாள்கூலிக்குப் போனவரின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லாமல் போவது புதிதல்ல. ஏழைகளுக்குச் சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதி இருக்கிறது. அதற்கு வருமானச் சான்று, மருத்துவர் கடிதம், பொறுமை மூன்றும் வேண்டும்.

இவை தெரியாமல்தான் கோயிலிலும் பத்திரிகையிலும் நன்கொடை கேட்கிறார்கள். பள்ளம் விழுந்த தலையின் படத்தை ஊருக்கே காட்டிப் பணம் திரட்டுகிற வழக்கத்தை நல்ல மனசுக்காரர்கள் வளர்க்கிறார்கள். காட்டப்பட்டவரின் கூச்சத்தை யாரும் கேட்பதில்லை. இத்தனைக்கும் முதல் அறுவைக்கும் இரண்டாவதற்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி இருக்கிறது. மனு எழுத அது தாராளம். ஆனால் மனுவைப் பற்றிய பேச்சு தொடங்குவதே தகட்டின் விலை தெரிந்த பிறகு. எலும்பு உதவாது என்று தெரிந்த அன்றே, வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் முன், மருத்துவமனையின் சமூகநலப் பிரிவு குடும்பத்தை உட்காரவைத்து நிதிப் படிவத்தை நிரப்பிவிடலாம். அதற்குப் புதிய சட்டமோ புதிய பணமோ தேவையில்லை.