ஆயிரம் குறைந்த அசுரன்

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை கேமில் ரியூவுக்கு ஹெல்த், அதாவது தாங்கக்கூடிய அடியின் அளவு, 10,000. கென்னுக்கும் சுன்-லீக்கும் அதேதான். 2024 மே மாதம் அந்த ஆட்டத்துக்குள் வந்து சேர்ந்த அகுமாவுக்கு 9,000. பல வருஷமாகச் சண்டை கேம்களை ஆடியும் பார்த்தும் வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: குறைத்து வைத்த அந்த ஆயிரத்தில் முப்பது வருஷக் கைப்பக்குவம் இருக்கிறது.

அகுமாவைத் தெரியாதவர்களுக்காக: 1994-ல் ஆர்கேட் கடைகளுக்கு வந்த ‘சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ’வில் ஒளித்து வைக்கப்பட்ட எதிரி அவன். ஜப்பானில் அவன் பெயர் கோக்கி. கதைப்படி தன் குருவையே கொன்றவன். நடுவில் காசு போட்டுத் தொடராமல் நன்றாக ஆடிக் கடைசிவரை போனவர்களுக்குத்தான் அவன் தரிசனம். கடைசி எதிரி எம். பைசனோடு மோத நீங்கள் தயாராக நிற்கும்போது குறுக்கே பாய்வான். அதுவரை எல்லோரையும் நடுங்க வைத்த பைசன் கண் மூடித் திறப்பதற்குள் தரையில் கிடப்பான். அவனாகவே ஆடவும் ரகசிய வழி இருந்தது. கேரக்டரைத் தேர்ந்தெடுக்கும் திரையில் கட்டத்தை ரியூ, டி. ஹாக், கைல், கேமி, மறுபடி ரியூ என்று ஒவ்வொருவர் மேலும் சற்று நிறுத்தி நகர்த்தி, ஸ்டார்ட்டோடு மூன்று பஞ்ச் பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டும். இணையம் பரவாத காலத்தில் இந்த வரிசை காதோடு காதாகப் போனது.

ஆனால் போட்டிக்கு அவன் உதவவில்லை. காரணம், குதித்து அந்தரத்திலிருந்து அவன் எறியும் நெருப்புக் குண்டு, ஸான்கூ ஹடோகென். தரையோடு வரும் குண்டை எகிறித் தாண்டிவிடலாம். மேலிருந்து சரிந்து வருவதைத் தாண்டுவது பெரும்பாடு. தடுத்துக்கொண்டே நின்றால் அடுத்தது வந்து நிற்கும். பல கேரக்டர்களிடம் அதற்குப் பதிலே கிடையாது. அதனால் போட்டிகளில் அவனுக்குத் தடை விழுந்தது.  2008-ல் அதே ஆட்டத்தை ‘ஹெச்டி ரீமிக்ஸ்’ என்று புதுப்பித்தபோது, போட்டிக்கு ஏற்றவனாக அவனைத் திருத்திப் பார்த்தார்கள். அந்தத் திருத்தமும் போதவில்லை. அதிலும் தடை வந்தது.

பலத்தை வெட்டுவது எளிது. வான்குண்டை எடுத்துவிட்டு, அடியின் வேகத்தையும் பாதியாக்கினால் எல்லோருக்கும் சமமாகிவிடுவான். ஆனால் அவன் அகுமாவாக இருக்க மாட்டான். சிவப்பு முடி வைத்த இன்னொரு ரியூ. ஆட்டத்தைத் தயாரிக்கும் காப்காம் அந்த வழியில் போகவில்லை. அவன் கையில் இருந்ததை விட்டுவைத்து, உடம்பைக் கண்ணாடியாக்கினார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4-ல் ரியூவுக்கு 1,000, அகுமாவுக்கு 850. மற்றவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு மிஞ்சும் இடத்தில் இவன் கதை முடிந்துவிடும். இதனால் பயம் இரண்டு பக்கமும் வந்தது. எதிரே நிற்பவன் அகுமாவின் கையைப் பார்த்துப் பயப்படுகிறான். அகுமாவை ஆடுபவன் தன் ஹெல்த் கோட்டைப் பார்த்துப் பயப்படுகிறான். அசுரனாக ஆட விரும்பினால் ஒவ்வொரு விநாடியும் விழிப்பாக இருந்தாக வேண்டும்.

அந்த 850-ஐ வைத்துக்கொண்டும் 4-ல் அவன் படுத்திய பாடு கொஞ்சமல்ல. காலை வாரி எதிரியைப் படுக்க வைப்பான். எதிரி எழும் நேரத்துக்குச் சரியாகக் காற்றில் சுழன்று அவன் தலைக்கு மேல் வருவான். அங்கிருந்து சறுக்கிக் காலை வாரலாம், உள்ளங்கையால் அறையலாம், உதைக்கலாம், பிடித்து எறியலாம். எழுகிறவன் ஊகிக்க வேண்டும். ஊகம் தப்பினால் மறுபடி தரை, மறுபடி தலைக்கு மேல் அதே நிழல். ‘வோர்டெக்ஸ்’ என்றே பெயர் வைத்தார்கள், நீர்ச்சுழிதான் அது. சண்டை கேம்களுக்கான ஈவோ போட்டியில் 2012-ல் கொரியாவின் இன்ஃபில்ட்ரேஷன் அகுமாவை வைத்துப் பட்டம் வென்றார்.

2014-ல் அதே 4-ன் ‘அல்ட்ரா’ பதிப்பில் இதற்கு வந்த மருந்துதான் என்னை இன்றைக்கும் வியக்க வைக்கிறது. விழுந்தவன் விரும்பினால் சில ஃபிரேம்கள் தாமதித்து எழலாம் என்று பொதுவாக ஒரு விதி சேர்த்தார்கள். ஒரு விநாடிக்கு 60 ஃபிரேம். அதில் சிலவற்றைத்தான் கொடுத்தார்கள். நீர்ச்சுழியின் அச்சாணியோ எதிரி எப்போது எழுவான் என்ற கணக்கு. அந்தக் கணக்கில் சந்தேகம் நுழைந்ததும் அகுமாவும் ஊகித்தே தீர வேண்டிய நிலை வந்தது. அவனுடைய சுழற்சியைக் குலைக்க விழுந்தவனுக்கு ஓர் உரிமை தரப்பட்டது, அவ்வளவுதான். இதை யோசித்தவர் பெரிய ரசிகர்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-க்கு அவன் 2016 டிசம்பரில் வந்தான். ஏழு மாதத்தில், 2017 ஜூலையில், லாஸ் வேகாஸில் நடந்த ஈவோ இறுதியில் அகுமாவோடு வந்தார் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் படித்த டோக்கிடோ. தோற்றவர் வரிசையிலிருந்து ஏறி வந்தவர். எதிரே அந்த வருஷம் அடங்காத ஃபார்மில் இருந்த பங்க் என்ற வீரர், அவர் கையில் கேரின் என்ற கேரக்டர். மொத்தப் பட்டத்தையும் டோக்கிடோ தூக்கினார். அந்த ஆட்டத்தை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. என் கண் அகுமாவின் கையில் நிற்காது. மேலே அந்த மெல்லிய ஹெல்த் கோட்டிலேயே நிற்கும்.

6-க்கு வருவோம். பைசனை ஒரு நொடியில் சாய்த்த ஷுன் கோக்கு சாட்சு என்ற அடி இதிலும் உண்டு: லைட் பஞ்ச், லைட் பஞ்ச், முன்னால், லைட் கிக், ஹெவி பஞ்ச். ஆனால் ஹெல்த் கால் பங்குக்குக் கீழே இறங்கிய பிறகுதான் அந்தக் கதவு திறக்கும். சாகும் விளிம்பில் நிற்பவனுக்கே கடைசி ஆயுதம். கதையும் கணக்கும் இவ்வளவு அழகாகப் பொருந்திய இடம் இந்தக் கலையில் எனக்கு வேறு தெரியாது.

இன்று ஆன்லைனில் கேரக்டர்களின் பலத்தை மாற்றும் பேட்ச் ஒரே இரவில் எல்லா வீட்டுக்கும் போய்விடுகிறது. அகுமாவிடம் நான்கு ஆட்டம் தொடர்ந்து தோற்றதும் ‘இவனை நெர்ஃப் பண்ணுங்கள், பலத்தைக் குறையுங்கள்’ என்று எழுதத் தோன்றுவது இயல்பு, எனக்கும் தோன்றியிருக்கிறது. எழுதுவதற்கு முன் ரீப்ளேயைப் போட்டு, அவனைத் தொட உங்களுக்குக் கிடைத்த இடங்களை எண்ணிப் பாருங்கள். அவனுக்கு இருப்பது 9,000 மட்டுமே.