கம்பி போன பின் கடிவாளம் யார் கையில்?

நீங்கள் சைக்கிள் பழகிய நாளை நினைத்துப் பாருங்கள். பின்னால் ஒருவர் இருக்கையைப் பிடித்தபடி ஓடி வந்திருப்பார். நீங்கள் சாய்ந்தால் அவர் கை தாங்கும். ரேடியோ அலையால் இயங்கும் மாதிரி விமானத்தை ஓட்டப் பழகுகிறவருக்கும் அப்படி ஒரு கை தேவை. அதுவே பயிற்சி இணைப்பு. என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்களும் மாதிரி விமானக் கலையைப் பயில்கிறார்கள். ஆகவே இதைப் பற்றி அறிவது பலருக்கும் பயன்படும்.

ஆசிரியரிடம் ஒரு டிரான்ஸ்மிட்டர், மாணவரிடம் மற்றொன்று. ஆசிரியர் ஒரு சுவிட்சை அழுத்திப் பிடித்திருக்கும்வரை விமானம் மாணவருக்குக் கட்டுப்படும். விரலை எடுத்ததும் ஆசிரியரிடமே திரும்பிவிடும். விமானத்தோடு பேசுவது எப்போதும் ஆசிரியரின் டிரான்ஸ்மிட்டர்தான். மாணவருடையது தன் கைப்பிடிகளின் நிலையை அதற்குத் தெரிவிப்பதோடு சரி.

முன்பு இச்செய்தி ஒரு கம்பி வழியே சென்றது. ஒவ்வொரு கைப்பிடியின் நிலையும் 1 முதல் 2 மில்லி விநாடி வரையுள்ள ஒரு கால அளவாக மாறும், நடுநிலைக்கு 1.5 மில்லி விநாடி. இவ்வாறு எல்லாக் கைப்பிடிகளின் செய்தியும் விநாடிக்குச் சுமார் 45 முறை போய்ச் சேரும். இன்று கம்பியின் வேலையை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை செய்கிறது. சில டிரான்ஸ்மிட்டர்களில் இவ்வசதி உள்ளேயே அமைந்திருக்கிறது. இல்லாதவற்றில், ஆசிரியரின் பெட்டியில் ஒரு சிறு ரிசீவரைச் செருகி இதைப் பெறுகிறார்கள்.

இது முன்னேற்றமா? நீலகிரியை வைத்துப் பார்ப்போம். சரிவான மலை நிலத்தில் இருவரைக் குட்டைக் கம்பியால் பிணைத்தால், ஒருவர் கால் இடறும்போது மற்றவரும் தடுமாறுவார். கம்பி இல்லையேல் அவரவர் வசதியாக நிற்கலாம். இது மெய்யான நன்மையே.

ஆனால் அதே மலை வேறொன்றையும் சொல்கிறது. உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் சுமார் 80 சதவீதம்தான். எனவே ஒரே விமானம் சென்னையில் பறப்பதைவிட ஏறக்குறைய 12 சதவீதம் கூடுதல் வேகத்தில் பறந்தால்தான் கீழே விழாமல் இருக்கும். வேகம் கூடினால், தவறைத் திருத்தக் கிடைக்கும் நேரம் குறையும். பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனியும் ஏறி வந்து விமானத்தை மறைக்கலாம். ஆகவே கட்டுப்பாடு தவறாமல், தாமதமின்றி ஆசிரியரிடம் திரும்ப வேண்டும்.

குறை இங்கேதான் இருக்கிறது. கம்பி கழன்றால் துடிப்புகள் நின்றுவிடும்; ஆசிரியரின் பெட்டி அதை உணர முடியும். கம்பியில்லா முறையிலோ, மாணவரின் பாட்டரி தீர்ந்த பின்னும் செருகிய ரிசீவர் கடைசிக் கட்டளையையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கக் கூடும். மாணவர் கடைசியாக வலப்புறம் திருப்பியிருந்தால் விமானம் வலப்புறமே சுழன்று இறங்கும். ஆசிரியரின் பெட்டிக்கு ஒரு கோளாறும் தெரியாது. அவராகக் கண்டு விரலை எடுத்தால்தான் உண்டு. இதற்குப் பரிகாரம், அலை நின்றால் துடிப்புகளும் நிற்கும்படி அந்த ரிசீவரை அமைப்பதாகும்.

இன்னொரு குறையும் உண்டு. தகுந்த கம்பி இருந்தால் வெவ்வேறு நிறுவனங்களின் பெட்டிகளையும் பெரும்பாலும் இணைத்துவிடலாம். அலைவழியில் பொதுவாக ஒன்றின் மொழி மற்றொன்றுக்குப் புரிவதில்லை. பழைய பெட்டிகளைக் கொண்டு சிக்கனமாகக் கற்பிக்கும் பள்ளிகளுக்கு இது இழப்பே.

எனவே எந்தப் பெட்டியானாலும் சோதித்த பிறகே நம்புங்கள். தரையில், சுழல்விசிறியைக் கழற்றிவிட்டு, ஆசிரியர் சுவிட்சை அழுத்தட்டும். விமானத்தின் அசையும் பாகங்கள் துள்ளாமல் நிலையாக இருக்க வேண்டும். அடுத்து, சுவிட்ச் அழுந்தியிருக்கும்போதே மாணவரின் பெட்டியை அணைத்துவிடுங்கள். இப்போது அப்பாகங்கள் ஆசிரியரின் கைப்பிடிக்குக் கீழ்ப்படிய வேண்டும். இல்லையேல் அன்று பறக்க வேண்டாம்.

பறக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். வெலிங்டனிலும் அருவங்காட்டிலும் இராணுவ நிறுவனங்கள் உள்ளன. 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகள்படி வெளியிடப்பட்ட வான்வெளி வரைபடத்தை முதலில் பாருங்கள்.

கம்பியைக் கைவிடுவதில் தவறில்லை. ஆனால் பழகத் தொடங்கும் முன் உங்கள் ஆசிரியரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: "ஐயா, என் பெட்டி அணைந்துபோனால் விமானம் யார் சொல்லைக் கேட்கும்?"